சலிப்புப் பதம்

ஆடி மாதம் மூன்றாவது வாரத்தில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நெல்லிக்காவிளையின் தேனீக்கள் சொர்ணபாயின் குரலில் சலித்துக்கொள்ள ஆரம்பித்தன. முதலில் கேட்டவள் பக்கத்து வீட்டுக் குஞ்ஞம்மை. வாழைப்பூ ஒடிக்கப் போனவள், மடல் விரிந்த இடத்தில் நாலைந்து தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருப்பதையும், அவற்றின் இரைச்சலுக்குள்ளிருந்து, "சை, இந்த மனுசன் எப்பம் எழும்பி எப்பம் குளிச்சு எப்பம் இந்த ஈரத்துண்டக் கொடியில போடும்" என்று தெள்ளத்தெளிவாக ஒரு குரல் வருவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுப் பூவை ஒடித்தாள், வீட்டுக்குப் போய் அதை நறுக்கித் தோரன் வைத்தாள், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் இதைச் சொர்ணபாய் மைனியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சொர்ணபாய்க்கு நாற்பத்தெட்டுத் தேன்பெட்டிகள். வீட்டுக்குப் பின்னால், ரப்பர் மரங்கள் தொடங்கும் விளிம்பில், எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கால் வைத்த தாங்கிகளின் மேல் அவை வரிசையாக நிற்கும். தை பிறந்து ரப்பர் தளிர்விட்டால் தேன் தானாக வரும். ஆனால் ஆனியில் மழை பிடித்ததிலிருந்து மார்கழி முடியும் வரைக்கும் தேனீக்களுக்கு வெளியே தின்ன ஒன்றும் இருக்காது. அந்த ஆறேழு மாதமும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சரிக்குச் சரி சீனியைப் போட்டுக் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறவைத்து, துணியில் அரித்து, பொழுது சாயும் நேரத்தில் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி, குடிக்க வருகிறவை மூழ்கிச் சாகாமலிருக்க ஒவ்வொரு சிரட்டையிலும் இரண்டு ஈர்க்குச்சியை மிதக்கவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்துவிட்டு வரவேண்டும். ஒரு தடவை தவறினால் பெட்டி காலி. இருபத்திரண்டு வருடமாக அவள் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை, அந்த மாதங்களில் ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை, ஒரு நாள் வெளியே தங்கியதும் இல்லை.

அவளுடைய கணவர் வேதமாணிக்கத்துக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. மழை பெய்தால் வெட்டு கிடையாது. ஆகவே எந்த மாதங்களில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லையோ அந்த மாதங்களில் அவருக்கு மூச்சுவிடுவதைத் தவிர வேறு வேலையில்லை. காலையில் சாயாக்கடைக்குப் போவார், உலகத்தின் சேதியெல்லாம் வாங்கிக்கொண்டு வருவார், அடுப்படி வாசலில் நின்று அவளுக்கும் கொஞ்சம் பகிர்ந்து கொடுப்பார், "எல்லாம் நல்லாத்தான் போவுது பிள்ளே" என்று முடிப்பார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஒருவரைக் கடிந்து பேச மாட்டார். நல்ல மனுசன். அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போடலாம், ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிற நல்லவனை என்ன செய்வது?

சொர்ணபாய் யார் முகத்துக்கு நேராகவும் எதையும் சொல்லி அறியாதவள். சொல்ல வேண்டியதையெல்லாம் பாகுச் சட்டியிடம் சொன்னாள். கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், வேதமாணிக்கத்தின் துண்டில் தொடங்கி, எட்டு வருடத்துக்கு முன்னால் குஞ்ஞம்மை வாங்கிப்போன தேங்காய்த் துருவி வழியாக, சபை ஆராதனையில் பாட்டுக்காரர்கள் ஒரே பாட்டை ஏழு தடவை பாடுவது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடிக்கும்போது சீனி கரைந்திருக்கும். இத்தனை வருடமும் அது கரைந்து எங்கே போயிற்றோ, இந்த ஆடியில் தேனீக்களின் வாயில் போய்ச் சேர்ந்துவிட்டது. காரணம் கேட்காதீர்கள். நெல்லிக்காவிளையில் யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் ஊர் சிரித்தது, இரண்டாம் நாள் காது கொடுத்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. துருவி தானாகத் திரும்பி வந்தது, கூடவே கடன் வாங்கியதாகக் குஞ்ஞம்மைக்கே ஞாபகமில்லாத, மாவு சலிக்கும் அரிப்பு ஒன்றும் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்காரர்கள் பாட்டை மூன்றோடு நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு தேனீ கண்ணாடியில் உட்கார்ந்திருந்தது. வேதமாணிக்கம் மட்டும் துண்டைப் பற்றித் தேனீக்கள் தன் தலையைச் சுற்றிச் சுற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்க பெண்டாட்டி குரலு எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தியளா" என்று சாயாக்கடையில் பெருமைப்பட்டார்.

சொர்ணபாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த தடவை வாயில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் பாகு காய்ச்சி ஊற்றினாள். தேனீக்கள் சிரட்டை விளிம்பு வரைக்கும் வந்தன, உணர்கொம்பால் தொட்டுப் பார்த்தன, திரும்பிப் போயின. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவைக்கு முன்னால் இரண்டு பெட்டித் தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிப் பலாமரத்துக் கொம்பில் அரைநாள் தாடி மாதிரித் தொங்கிவிட்டு, கொட்டுகிற மழையில் கிழக்கே பார்த்துப் போய்விட்டன. பழகிப்போனது சலிப்புச் சேர்ந்த பாகு, அது இல்லாவிட்டால் பட்டினி கிடப்போம் என்று அவை சொல்லாமல் சொல்லிவிட்டன. அவள் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு அடுப்பைப் பார்த்து, "சை, உங்களுக்கும் நான்தான் கெடச்சேனா" என்றாள். சிரட்டைகள் அன்று மாலைக்குள் காலியாகிவிட்டன.

இதற்குள் ஊருக்கு மூளை வேலை செய்துவிட்டது. தெருக்குழாயில் தண்ணீர் வந்து ஐந்து மாதமாகிறது, மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். பாகில் சொன்னால் தேனீ போய் வார்டு மெம்பரின் காதிலேயே சொல்லுமே என்று முதலில் நினைத்தவள் யாரோ, மறுநாள் காலையில் அரைக் கிலோ சீனியும் ஒரு முறையீடுமாக நாலு பேர் சொர்ணபாயின் அடுப்படி வாசலில் நின்றார்கள். அவர்கள் செய்த தவறு என்னவென்றால், வழக்கமாக ஆபீசுக்கு எழுதுகிற மாதிரியே வாசகத்தை வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வந்து, சட்டியின் முன்னால் கைகட்டி நின்று, மேன்மை தங்கிய ஐயா, கீழ்க்கண்ட முகவரியில் வசிக்கும் நாங்கள் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில் என்று வாசித்ததுதான். அந்தப் பாகைத் தேனீக்கள் வேப்பெண்ணெயைக் கண்டதுபோல் ஒதுக்கிவிட்டன.

வேறு வழியில்லாமல் சொர்ணபாய் அவர்களிடம் என்ன சங்கதி என்று கேட்டு, அவர்களுக்காகத் தானே சலித்துக்கொண்டாள். "சை, கொடந்தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு, ஒரு வால்வத் திறந்துவிட ஊருல ஒருத்தனுக்கும் கையில்லியா." தேனீக்கள் சிரட்டையை நக்கித் துடைத்தன. மறுநாள் மெம்பர் சந்திரபோஸ் பல் தேய்க்கும்போதும், சாப்பிடும்போதும், ஒரு திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போதும் ஒரு முப்பது தேனீக்கள் கொட்டாமல், விலகாமல், அவர் தலையைச் சுற்றி இதையே சொல்லிக்கொண்டிருந்தன. நான்காம் நாள் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் மெம்பரே அரைக் கிலோ சீனியோடு வந்து, மெம்பராக இருப்பதில் உள்ள கஷ்டத்தைப் பற்றி அரைமணி நேரம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு என்ன, ஊர் சொர்ணபாயை எடுத்து வைத்துக்கொண்டது. குஞ்ஞம்மை வாசலில் ஸ்டூல் போட்டு டோக்கன் கொடுத்தாள். தெருவிளக்குக்காக, ஓடைப் பாலத்துக்காக, மருமகள் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதற்காக, ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதற்காக அவள் வரிசையாகச் சலித்துக்கொண்டாள். பாகு கிண்டக் கிண்டப் புகை கண்ணில் ஏறும், முதுகு விண்விண்ணென்று தெறிக்கும், வரிசையில் நிற்கிறவர்கள், எங்க காரியத்தக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க மைனி என்பார்கள். பொதுநலம் இப்படிப் பெருகியதில் அவளுடைய சொந்தச் சலிப்புக்குச் சட்டியில் இடமில்லாமல் போயிற்று. வேதமாணிக்கம் வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசினார். பலகாரத்துக்குக் கம்பிப் பதம் என்றால் தேனீக்குச் சலிப்புப் பதம் என்று அவர்தான் பெயர் வைத்தார். சாயாக்கடையில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

புரட்டாசியில் ஓசூரிலிருந்து மகள் பெனிட்டா பேசினாள். அவளுக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ள வேண்டியவள், ஆனால் அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐப்பசிக் கடைசியில் தேதி. மருமகன் டைட்டஸின் அம்மா காலமாகிவிட்டார், வீட்டில் கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண் இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பெனிட்டா கேட்டாள்.

"அம்மா, நீ வருவியா, இல்ல பூச்சியத்தான் பாப்பியா?"

வருவேன் என்று சொர்ணபாய் சொன்னாள். சொல்லிவிட்டு நாற்பத்தாறு பெட்டிகளையும் பார்த்தாள். அவை இல்லாமல் அவளால் இருக்க முடியாது, மகளிடம் போகாமலும் இருக்க முடியாது. இதில் எதை எந்தச் சட்டியில் போட்டுக் கரைப்பது?

ஊர் கூடிப் பேசியது. ஓடைப் பாலம் பாதியில் நிற்கிறது, இப்போது பாகு நின்றால் வேலையும் நிற்கும், பிள்ளை எங்கே இருந்தாலும் பிறக்கும், கிறிஸ்மஸ் கழித்துப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளை விட்டுவிட்டு அவளைப் பற்றித் தீர்மானம் எடுத்தார்கள். வேதமாணிக்கம் மட்டும் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "நீ போ பிள்ளே, பாகுதானே, நான் காச்சுதேன்" என்றார்.

காய்ச்சினார். அவருக்கு வாழ்க்கையில் தெரிந்த ஒரே சமையல் கிறிஸ்மஸ் முந்திரிக்கொத்து, அதற்குப் பாகு விரலில் ஒட்டிக் கம்பியாக இழுபட வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் சீனியைக் கம்பிப் பதம் வரைக்கும் முறுக விட்டு, மணமாக இருக்கட்டும் என்று ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, ஆசையாக ஊற்றி வைத்தார். தேனீக்கள் பசையில் விழுந்த ஈயாகக் கால் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சொர்ணபாய் ஒரு பகல் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றின் காலாகக் கழுவிவிட்டாள். இரண்டாம் தடவை பதத்தைச் சரியாக வைத்தார், ஆனால் சலித்துக்கொள்ளத் தெரியவில்லை. உலகத்தின் சேதிகளை எல்லாம் சட்டிக்குச் சொன்னார், எல்லாம் நல்லாத்தான் போவுது என்று முடித்தார். ஒரு தேனீயும் கிட்ட வரவில்லை. நான்கு பெட்டிகள் பலாமரத்தில் தொங்கிக் கிழக்கே போயின. அவர் கையை அசைத்து வழியனுப்பினார்.

சொர்ணபாய் திரும்பவும் கரண்டியை வாங்கிக்கொண்டாள். மகளிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது பெனிட்டா சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அந்தச் சரி சொர்ணபாயின் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க, வாசலில் பதினாறு டோக்கன்கள் காத்திருக்க, டைட்டஸ் பேசினான். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறோம், அவள் அம்மா அம்மா என்கிறாள் என்றான்.

சொர்ணபாய் சீனியைப் போடவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேதமாணிக்கம் மெம்பரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து, நீ சந்தோசமாகப் போய்விட்டு வா, இங்கே எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதே சிரிப்போடு சொன்னார்.

"சிரிக்காதிய," என்றாள் சொர்ணபாய். "சிரிச்சா அதுகளு குடிக்காது."

அவர் சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் நின்றார். அவள் கரண்டியை அவர் கையில் வைத்தாள்.

"இருவத்திரெண்டு வருசத்தில, நான் போவேன்னு சொல்லுததுக்கு முன்ன, ஒரு நாளு நீங்க இந்தக் கரண்டியப் பிடிச்சதுண்டா? இடுப்பு நோவுதான்னு ஒரு வார்த்த கேட்டதுண்டா? நான் போவுதேன். நாப்பத்திரெண்டு பெட்டி இருக்கு. இருந்தா இருக்கட்டும், போனா போவட்டும். எனக்க மோளு ஒண்ணுதான் உண்டு."

பதினாறு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டிக்குச் சொல்லாமல் முகத்துக்குச் சொன்னது அது. ஆகவே அதை எந்தத் தேனீயும் எங்கும் கொண்டுபோகவில்லை, சொன்ன இடத்திலேயே அது நின்றது. அவள் இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு மார்த்தாண்டம் போய், நாகர்கோவில் வண்டியைப் பிடித்து, அங்கிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பேத்தி பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெனிட்டா கண்ணைத் திறந்து பார்த்து, "வந்திட்டியா" என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

வேதமாணிக்கம் தினமும் பேசினார். பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நாற்பத்திரண்டும் பறந்துபோய், வீடும் கூடவே பறந்துபோயிருந்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார் என்பதால் அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. நான்கைந்து நாளில் அவர் பேச்சு குறைந்தது. உலகச் சேதிகள் நின்றன. எட்டாம் நாள் பிள்ளை நல்லாருக்கா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு கூப்பிடவே இல்லை. பெட்டிகள் காலியாகிவிட்டன, சொல்ல வெட்கப்படுகிறார் என்று சொர்ணபாய் முடிவுகட்டிக்கொண்டாள். போனா போவட்டும் என்று வாயால் சொல்லியிருந்தாலும், பிள்ளைக்கு வெந்நீர் வைக்கிறபோதெல்லாம் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்ததும் அவள் கை சீனி டப்பாவைத் தேடியது.

பன்னிரண்டாம் நாள் காலையில் குஞ்ஞம்மை பேசினாள். டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டதாகவும், இப்போது யாரும் வருவதில்லை என்றும், ஓடைப் பாலம் எப்படியோ முடிந்துவிட்டது என்றும் சொன்னாள். பெட்டி என்னாச்சு என்று சொர்ணபாய் பயந்து பயந்து கேட்டாள்.

"நான் சொன்னா செரியாவாது மைனி. நீங்களே கேளுங்க. இப்பம் மூணாவது வரிச, பலாமரத்துப் பக்கம் நிக்கேன்."

போனுக்குள் மழைத் தூறல் கேட்டது. பிறகு ஒரு பெட்டியின் இரைச்சல், நிறைந்த பெட்டியின் கனத்த இரைச்சல், பட்டினி கிடக்கும் பெட்டிக்கு அந்தச் சத்தம் வராது என்று சொர்ணபாய்க்குத் தெரியும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, கரகரத்து, மூச்சு வாங்கி, இருபத்தாறு வருடமாக அவள் தினமும் கேட்டும் இப்படி ஒருநாளும் கேட்டிராத வேதமாணிக்கத்தின் குரல் வந்தது.

"சை. இந்தத் தண்ணி எப்பம் கொதிக்கும், இந்தச் சீனி எப்பம் கரையும். முதுவு ஒடிஞ்சு போச்சு. வந்தவன் எல்லாம் அவனவன் கதையச் சொல்லிட்டுப் போனான், ஒரு சாயா போட்டுத் தர ஒரு மனுசரில்ல. துண்டு காயல்ல, எங்க கெடக்குன்னும் தெரியல்ல. சை. இவ ஒருத்தி இருவத்திரெண்டு வருசம் இத எப்படியாக்கும் செய்தா."

முதலிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தது. குஞ்ஞம்மை போனைத் தன் காதுக்கு எடுத்துக்கொண்டாள்.

"அவருக்குப் பதம் வந்திட்டு மைனி."

சொர்ணபாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை பெட்டி நிற்கிறது என்று கேட்டாள். நாற்பத்தொன்று, ஒன்றுதான் போயிற்று, அதுவும் முதல் வாரத்தில் என்றாள் குஞ்ஞம்மை. சிரட்டையில் ஈர்க்குச்சி போடுகிறாரா என்று கேட்டாள். போடுகிறார், ஒவ்வொரு குச்சியாக எண்ணிப் போடுகிறார் என்றாள். அப்படியென்றால் எப்போது வருகிறீர்கள், மனுசன் வாய்விட்டுக் கேட்கமாட்டார், ஆனால் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாள்.

சொர்ணபாய் விரல்விட்டு எண்ணினாள். பெற்றவளுக்குத் தொண்ணூறு நாள் பார்க்க வேண்டும். தொண்ணூறு முடிவதற்குள் தை பிறந்துவிடும், ரப்பர் தளிர்த்துவிடும், அதன் பிறகு தேனீக்களுக்குப் பாகும் வேண்டாம், யாருடைய சலிப்பும் வேண்டாம்.

"மோளுக்குத் தொண்ணூறு கழியாம வரமாட்டேன்னு சொல்லு," என்றாள். "அதுவரைக்கும் கரண்டியக் கீழ வைக்கப்பிடாதுன்னும் சொல்லு."

"சொல்லுதேன். அப்பம் போன வைக்கட்டா மைனி?"

மடியில் பேத்தி அசைந்தாள். சொர்ணபாய் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"வைக்காத. அந்தப் பெட்டிக்கிட்டயே கொஞ்ச நேரம் பிடிச்சிட்டு நில்லு."